மொத்த எடை, வெறும் எடை

திருவொற்றியூர் எடைமேடையில்
நாளெல்லாம் லாரிகளை நிறுப்பவன் நான்.
சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பதற்குள்
பின்னால் நிற்பவன் ஹாரனில் கையை வைத்துவிடுவான்.

நேற்று ஷிப்ட் முடிந்து, யாரும் பார்க்காதபோது
மேடையில் நானே ஏறி நின்றேன்.
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
எண்பது என்றது.
மருந்துக்கடை மெஷினில் காசு போட்டேன்.
எண்பத்தாறு.

நூற்றுப்பத்து கிலோ தாங்கும் என்று
பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது.
ஆள் எண்பத்தாறு. தூண்டில், துடுப்பு, லைஃப் ஜாக்கெட்,
மண்புழு டப்பா, தயிர்சாதம், இரண்டு பாட்டில் தண்ணீர்,
எல்லாம் சேர்ந்து பதினொன்று.
மீதி பதிமூன்று கிலோ மீனுக்கு.
"பதிமூணு கிலோவா? நீயா?"
பிலோமினா சிரித்து அடங்க நேரமானது.

பர்மா பஜாரில் நைனார் கடை.
மஞ்சள் படகு இரண்டாயிரத்து எண்ணூறு,
குழந்தை குளிக்கிற தொட்டிக்கு மூக்கு வைத்தது போல.
பளபளவென்று ஒன்று முப்பதாயிரம்,
மோட்டார் மாட்ட இடமெல்லாம் இருந்தது.
அதைத் தொட்டேன். கையை எடுத்துக்கொண்டேன்.
நடுவில் இது:
இரண்டு நீளக் காற்றுக் குழாய்கள், நடுவே இரும்புச் சட்டம்,
சட்டத்தின் மேல் ஒரே ஒரு நாற்காலி.
ஒரு குழாய் போனாலும் மற்றது கரை சேர்க்கும் என்றார்.
பதினொன்றரை சொல்லி ஒன்பதே காலுக்கு இறங்கினார்.

"ரெண்டு பேர் போறது வேணுமா? ஆயிரத்தைந்நூறுதான் கூட."
"ஒரு ஆள்தான்."
கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
நைனார் என்னைப் பார்த்துவிட்டு
பில் புத்தகத்தைத் தேடினார்.

எண்ணூர்த் தேசப்பனுக்கு போன் போட்டேன்.
"இன்னாபா, பலூன்ல குந்திக்கினு மீன் புடிக்கப் போறியா?
இங்க வராத. முகத்துவாரத்துல சிப்பி கீது, பிளேடு மாறி.
நிக்கிற தண்ணியாப் பாரு, ரெட்டேரி பக்கம்.
கரையில கருவேலமுள்ளு இருக்கும்,
இழுத்துக்கினு போவாத, தூக்கிக்கினு போ."
பதினாறு கிலோவைத் தூக்கிக்கொண்டு
பைக்கிலிருந்து தண்ணீர் வரைக்கும்.
அதையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்தேன்.

ஒரு ராத்திரி ஊதி வைத்து
விடிந்ததும் அழுத்திப் பார்க்க வேண்டும்.
தளர்ந்திருந்தால் ஏழு நாளைக்குள் மாற்றித் தருவார்.
வீட்டு வசதி வாரியத்தின் மூன்றாவது மாடி, பத்துக்குப் பன்னிரண்டு ஹால்.
கால் பம்பை நான் மிதிக்க, சின்னவள் எண்ணினாள்.
இருநூற்றுத் தொண்ணூறில் நிறுத்தினோம்.
பீரோ திறக்கவில்லை.
மாமா கட்டிலை விட்டு இறங்க வழியில்லை.
பெரியவன் படகைத் தாண்டி சமையலறைக்குப் போய்
தாண்டி வந்து
மறுபடியும் உப்புக்குப் போனான்.
இப்படியே கதவு வழியாக வெளியே போகாது என்பது
அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

பிலோமினா கேஸ் ஏஜென்சியில் போன் எடுப்பவள்.
சிலிண்டர் வரவில்லை என்று
ஊரே அவள் காதில்தான் திட்டும்.
பாத்திரம் கழுவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.
செருப்பைக் கழற்றுவது போல ஒரு நொடி தயங்கினாள்,
வெறுங்காலோடுதான் இருந்தாள்.
ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள்.
மிதியில் இரண்டு காலையும் வைத்தாள்.
துடுப்பை எடுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு,
"கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாதீங்க."

மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார்.
ஃபேன் சுற்றியது.
கீழே ஒரு டேங்கர் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருந்தது.
ஐம்பத்தெட்டு இருப்பாள். மீதி ஐம்பத்திரண்டு.
கணக்கு போடாமல் இருக்க வரவில்லை எனக்கு.

சோப்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் கலந்து
பிரஷால் குழாய்களை ஓசைப்படாமல் தடவினேன்.
வலது பக்கம் ஒன்றுமில்லை.
இடது பக்கம், அவள் கைக்குக் கீழே, வால்வு ஓரத்தில்
ஒரு குமிழ் மெதுவாகப் பெருத்தது.

எப்படியும் விடியும்வரை நிற்கும்.
இன்னும் சொல்லவில்லை.